திறக்காமல் கேட்கும் கேள்வி

திண்டுக்கல்லில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருப்பவரிடம் நாலைந்து வருஷத்துக்கு முந்தைய ஆல்பம் ஒன்றைக் கேட்டால், அவர் படம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கமாட்டார். ஃபோல்டர்களைத் தேதிவாரியாக அடுக்கி, அளவையும் தேதியையும் வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார். அந்தத் தேதியும் அளவும் நிரலுக்குக் கிடைப்பது இயங்குதளம் அதற்கென்று வைத்திருக்கும் அழைப்புகள் மூலம்தான். யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸில் அதன் பெயர் ஸ்டாட், விண்டோஸில் கெட்ஃபைல்ஆட்ரிப்யூட்ஸ்எக்ஸ்.

ஸ்டாட் 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இருக்கிறது. அரை நூற்றாண்டு தாண்டி நிற்பதற்குக் காரணம் அதன் சிக்கனம். கோப்பு பத்து ஜிபி வீடியோவா, பத்து எழுத்துக் குறிப்பா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. உள்ளடக்கத்தைத் தொடாமல், ஐநோட் என்னும் பதிவில் உள்ள அளவு, உரிமையாளர், அனுமதி, நேரங்கள் ஆகியவற்றை மட்டும் எடுத்துக் கொடுக்கும். கோப்பைப் படிக்கும் அனுமதிகூட வேண்டாம். அதுவரை உள்ள ஃபோல்டர்களைக் கடந்து போகும் அனுமதி போதும். ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் வேகம் அடிபடும். அதற்கும் வழி பிறந்துவிட்டது: 2015-இல் பைதான் 3.5 கொண்டுவந்த ஸ்கேன்டிர், ஃபோல்டரைப் படிக்கும்போதே கிடைக்கும் விவரங்களை வீணாக்காமல் வைத்துக்கொள்கிறது.

குறை அழைப்பில் இருப்பதைவிட, அதைப் பயன்படுத்தும் பழக்கத்தில்தான் அதிகம். "கோப்பு இருக்கிறதா என்று கேள், இருந்தால் திற" என்று எழுதாத நிரலர் அரிது. இது வில்லங்கச் சான்றை மட்டும் நம்பிப் பழனி ரோட்டில் மனை வாங்குவது மாதிரி. சான்று கொடுத்த நேரம்வரை பதிவானது மட்டுமே அதில் இருக்கும். அடுத்த மணி நேரத்தில் நடந்த பத்திரப்பதிவு இருக்காது. கேட்டதற்கும் திறந்ததற்கும் இடைப்பட்ட நொடிக்குள் வேறொரு நிரல் கோப்பை அழிக்கலாம், அதே பெயரில் வேறொன்றை வைக்கலாம். முதலில் திறந்துவிட்டு, திறந்த கோப்பிடமே எஃப்ஸ்டாட் வழியாகக் கேட்பதுதான் முறை. பதிலைப் படிப்பதிலும் அலட்சியம் உண்டு. பைதானின் எக்ஸிஸ்ட்ஸ், அனுமதி மறுக்கப்பட்டாலும் "இல்லை" என்றே சொல்லிவிடும். இருப்பதை இல்லையென்று எண்ணிக்கொண்டு இயங்கும் பேக்கப் நிரலை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் நடுக்கம்தான்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு தொல்லை. "கொடைரோடு" என்று ஒரு ஃபோல்டர். முதல் எழுத்தான "கொ"வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக. திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியாது. லினக்ஸின் இஎக்ஸ்டி4-ம் விண்டோஸின் என்டிஎஃப்எஸ்-ஸும் வழக்கமாக இவற்றை இரண்டு வேறு பெயர்களாகவே எடுத்துக்கொள்ளும். கண்ணெதிரே இருக்கும் ஃபோல்டரை ஸ்டாட் "அப்படி ஒன்று இல்லை" என்று கைவிரிக்கும். நீளத்திலும் இடிக்கிறது. "திண்டுக்கல்" நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் 11 குறிகள். யுடிஎஃப்-8-இல் 33 பைட். இஎக்ஸ்டி4-இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் என்பதால், ஆங்கிலத்தில் 255 எழுத்து வரை போகலாம், தமிழில் 85 குறிகளோடு நிறுத்த வேண்டும். என்டிஎஃப்எஸ் இதில் தாராளம்: 255 தமிழ்க் குறிகளையும் ஏற்கும். அதனால் அங்கே நன்றாக இருந்த நீண்ட பெயர் லினக்ஸுக்கு நகலாகும்போது மறுக்கப்படும்.

நேரங்களின் கதை இதைவிடச் சிக்கலானது. ஸ்டாட் தரும் சிடைமை "உருவான நேரம்" என்று நினைத்துக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. அது கோப்பின் உள்ளடக்கமோ ஐநோட் விவரமோ கடைசியாக மாறிய நேரம். உருவான நேரத்தைக் கேட்க லினக்ஸில் ஸ்டாட்எக்ஸ் என்ற தனி அழைப்பு 2017-இல்தான் வந்தது. விண்டோஸ் உருவான நேரத்தைத் தரும். ஆனால் கோப்பை நகலெடுத்தால் நகலுக்குப் புது உருவாக்க நேரமும் பழைய திருத்த நேரமும் இருக்கும். பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட கோப்பு! கேமரா கார்டுகளின் ஃபேட்32 திருத்த நேரத்தை இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் குறிக்கும். அதுவும் எந்த ஊர் நேரம் என்ற தகவல் இல்லாமல். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. வன்பொருள் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் வழக்கமாக உலகப் பொது நேரமாகவும் படிக்கும். அமைப்பைச் சரிசெய்யாத இரட்டை இயங்குதளக் கணினியில் கோப்பின் நேரம் ஐந்தரை மணி நேரம் நகர்ந்து நிற்பது இதனால்தான்.

பிசகாகக் குறிக்கப்படுவதோடு முடியவில்லை; இந்த நேரங்களை விரும்பியபடி மாற்றவும் முடியும். படிக்க ஓர் அழைப்பு தந்த அதே இயங்குதளம், எழுதவும் ஒன்று தந்திருக்கிறது: லினக்ஸில் யூடைம்ஸ், விண்டோஸில் செட்ஃபைல்டைம். சொந்தக் கோப்பின் திருத்த நேரத்தை மாற்ற நிர்வாகி உரிமைகூடத் தேவையில்லை. ஆகவே பிராப்பர்ட்டீஸ் பெட்டியில் தெரியும் தேதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வழக்கில் நீட்டுவது பலவீனமான வேலை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுக்கான சான்றிதழ்ப் படிவம் மின்னணுப் பதிவின் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. ஹாஷ் உள்ளடக்கத்திலிருந்து மட்டுமே கணக்கிடப்படுவதால், திருத்த நேரத்தை யார் மாற்றினாலும் அது அப்படியே இருக்கும். படத்தில் ஒரு புள்ளி மாறினால் வேறாகிவிடும். ஆனால் கோப்பு என்றைக்கு உருவானது என்று ஹாஷும் சொல்லாது. அதை நிரூபிக்க, படம் எடுத்தவரின் சாட்சியமோ வேறு ஆதாரமோ வேண்டும்.