வான்கோடும் சாட்சியமும்: செஞ்சியை முன்வைத்து

ஒரு நகரம் வானத்தில் வரையும் வெளிக்கோட்டை வான்கோடு என்கிறோம். நாளைய வான்கோட்டை இன்றே வரைந்து காட்டுவது நம் காலத்தின் செல்வாக்கு மிக்க கலைகளுள் ஒன்றாகிவிட்டது. உண்மையான புகைப்படம் ஒன்றை எடுத்து, அதிலுள்ள ஓட்டு வீடுகளையும் மின்கம்பங்களையும் நீக்கி, இல்லாத கோபுரங்களையும் புல்வெளிகளையும் கணினியால் பொருத்திவிட்டால் எதிர்கால நகரம் தயார். மனை விற்போரின் துண்டுப்பிரசுரம் முதல் அரசுகளின் பெருந்திட்டங்கள் வரை இதுவே வழக்கம். இப்படங்கள் அழகாக உள்ளனவா என்று கேட்பதோடு விமர்சனம் நின்றுவிடலாகாது. இவை எவ்வகைக் கூற்றுகள் என்பதே முதன்மையான கேள்வி.

ஓவியத்தைக் காண்போர் அதைக் கற்பனை என்று அறிந்தே காண்கின்றனர். புகைப்படமோ ‘இது இருந்தது’ என்று சாட்சி சொல்கிறது. கணினி மாதிரிப் படம் இவ்விரண்டுக்கும் இடையே நின்று, சாட்சியின் உடையில் வாக்குறுதியைப் பேசுகிறது. சாட்சிக்கு நம் ஃபிக்ஹ் மரபு விதித்த நிபந்தனைகளின் கடுமையை வாசகர் அறிவர். சாட்சி தான் அறிந்ததையே சொல்ல வேண்டும். அறிந்ததை மறைக்கவும் கூடாது. கனவு காண்பது குற்றமன்று. கனவைக் கண்ணால் கண்டதாகக் காட்டுவதும், கண்ணெதிரே இருப்பதை இல்லாததாக்குவதுமே குற்றம்.

தமிழகத்தில் இதற்கு மறக்கவியலாத சான்று உண்டு. சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் எழுந்த புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகம் 2010 மார்ச் 13 அன்று திறக்கப்பட்டது. மாதிரிப் படங்களில் கம்பீரமாக நின்ற குவிமாடம் அதற்குள் முடிவுறவில்லை. எனவே திரைப்படக் கலை இயக்குநர் தோட்டா தரணியைக் கொண்டு தற்காலிகக் குவிமாடம் ஒன்று அமைக்கப்பட்டது. படம் கட்டடத்தைப் பின்பற்ற வேண்டியதுபோய், கட்டடம் படத்தைப் பின்பற்றியது. ஆட்சி மாறியபின், 2014இல் அவ்வளாகம் மருத்துவமனையாயிற்று. அந்த மாற்றத்தை எந்த மாதிரிப் படமும் முன்னறிந்திருக்கவில்லை.

சவூதி அரேபியாவில் 2021இல் அறிவிக்கப்பட்ட ‘தி லைன்’ நகரத் திட்டம் இக்கலையின் உச்சம் எனலாம். 170 கிலோமீட்டர் நீளம், 500 மீட்டர் உயரம், 90 லட்சம் மக்கள் என்று விரிந்த அப்படங்கள் உலகெங்கும் பரவின. முதற்கட்டம் இரண்டரைக் கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கியதாக 2024இல் செய்திகள் வந்தன. சுருங்கியதைவிட மறைந்ததே நம் கவனத்துக்குரியது. படங்களில் அந்நிலம் ஆளில்லாப் பாலையாகத் தோன்றியது. மண்ணிலோ, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த ஹுவைத்தாத் குலத்தார் வெளியேற்றப்பட்டனர். படத்தில் நடந்த நீக்கம் நிலத்தில் நடந்த நீக்கத்துக்கு ஒத்திகையானது.

உயரமான கட்டடங்கள் குறித்த நபிமொழியை இவ்விடத்தில் எடுத்துக்காட்டி முடித்துவிடுவோர் உளர். ஆனால் மினாராக்களை எழுப்பிய நாகரிகம் நம்முடையது. நம் வழக்கு உயரத்தோடு அன்று, நீக்கத்தோடுதான்.

இந்த நோக்கில் செஞ்சியைக் காண்போம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று பாறைக் குன்றுகளையும் மதில்கள் இணைக்கின்றன. ராஜகிரியின் உச்சியில் அரங்கநாதர் கோயில். கீழே கலியாண மகாலின் கூம்புக் கூரை. அருகே 1717–18இல் எழுந்த சாதத்துல்லாகான் பள்ளிவாசல். தமிழகத்தில் இத்தனை கைகள் சேர்ந்து வரைந்த வான்கோடு அரிது. வென்றவர் ஒவ்வொருவரும் இதைத் தம் விருப்பப்படி திருத்த முனைந்தனர். பீஜப்பூர் சுல்தானியர் பாத்ஷாபாத் என்றனர். எட்டாண்டு முற்றுகைக்குப்பின் 1698இல் கோட்டையைக் கைப்பற்றிய முகலாயர், படைத்தலைவர் ஜுல்பிகார்கான் நுஸ்ரத் ஜங்கின் பெயரால் நுஸ்ரத்கட் என்றனர். 1750இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரரின் காலத்தில் இங்கிருந்து சென்ற கருங்கல் தூண்கள் இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கின்றன. ஓரிடத்தில் வெட்டி வேறிடத்தில் ஒட்டும் கலை கணினிக்கு முன்பே இருந்தது என்பதற்கு அத்தூண்களே சான்று. ஆயினும் மக்கள் நாவில் செஞ்சி செஞ்சியாகவே நின்றது.

2025 ஜூலையில் ‘இந்தியாவின் மராத்திய இராணுவ நிலக்காட்சிகள்’ என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகள் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றுள் மராட்டிய மாநிலத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே. இப்பெருமையில் மகிழாதிருக்க இயலாது. சிவாஜி 1677இல் கோட்டையைப் பெற்றதும், இராஜாராம் இங்கிருந்து முகலாயரை எதிர்த்து நின்றதும் வரலாறு. எனினும் மராத்தியர் வசம் கோட்டை இருந்தது ஏறத்தாழ 21 ஆண்டுகளே. கோனார்களும் நாயக்கர்களும் சுல்தானியரும் நவாபும் அத்தலைப்பில் இல்லை. தலைப்பு ஒரு சட்டகம். படம் சட்டகத்துக்கேற்ப வெட்டப்படும். இனி வரப்போகும் சுற்றுலாப் படங்களிலும் மேம்பாட்டு மாதிரிகளிலும் கோயில், மகால், பள்ளிவாசல் மூன்றும் ஒருசேரத் தெரியுமா என்பதே நம் கேள்வி.

இக்கேள்வியைப் பிறரிடம் மட்டும் கேட்பது நியாயமாகாது. நம் வீடுகளில் தொங்கும் மக்கா படங்களையே எடுத்துக்கொள்வோம். பழைய படங்களில் ஹரமுக்கு மேலே, குன்றின்மீது, உஸ்மானியர் கட்டிய அஜ்யாத் கோட்டை தெரியும். 2002 ஜனவரியில் அது இடிக்கப்பட்டது. அது நின்ற குன்றும் சமன்செய்யப்பட்டது. துருக்கி கண்டனம் தெரிவித்தது. அவ்விடத்தில் 2012இல் நிறைவுற்ற கடிகாரக் கோபுரம் 601 மீட்டர் உயரம் கொண்டது. ஹாஜிகளுக்குத் தங்குமிடம் வேண்டும் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் புதிய படத்தை மாட்டியபோது பழைய படத்திலிருந்த குன்று எங்கே என்று உம்மத்தில் எத்தனை பேர் கேட்டோம்? அங்கே கேட்கத் தவறிய சமூகத்துக்குச் செஞ்சியில் கேட்கும் தகுதி, இரண்டிடத்திலும் ஒரே அளவுகோலை ஏந்தும்போதுதான் வாய்க்கும்.

அந்த அளவுகோல் செஞ்சியின் மண்ணிலேயே உண்டு. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானை எதிர்த்துப் போரிட்டு 1714இல் மாண்டவர் தேசிங்குராஜன். அவர் பக்கம் நின்று உயிர்கொடுத்த தோழர் மகபத்கான் என்று கதைப்பாடல் சொல்கிறது. வென்ற நவாபும் முஸ்லிம். தோற்றவரின் தோழரும் முஸ்லிம். இக்கதையைப் பாடிய எளிய மக்கள் தம் நாயகனை உயர்த்துவதற்காக அவருடைய தோழரைப் படத்திலிருந்து வெட்டிவிடவில்லை. எழுத்தறிந்தோர் தயாரிக்கும் மாதிரிப் படங்களில் காணக்கிடைக்காத நேர்மை அது.

தொல்லியல் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் முறைப்படுத்தப்பட்ட பகுதி என்று 2010ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வரையறுத்துள்ளது. அவ்வெல்லைக்கு அப்பால் செஞ்சி நகரம் வளரும், வளரவும் வேண்டும். அவ்வளர்ச்சியை வரைவோர் எதைச் சேர்த்தனர் என்பதோடு எதை நீக்கினர் என்பதையும் படத்தின் அடியில் எழுதட்டும். இன்றைய படமும் நாளைய படமும் அருகருகே வைக்கப்படட்டும். மூன்று குன்றுகளும் நம் கையில் உள்ள அமானிதம். அவற்றை வரைபவர் உரிமையாளராக அன்றி, சாட்சியாகவே வரைய வேண்டும்.