நில மயக்கமும் நடந்தடையும் வலைத்தளமும்

ஆங் மோ கியோவில் இலக்கிய வகுப்பொன்றில் முல்லைத் திணையை விளக்கிக்கொண்டிருந்தபோது, தலைவி ஏன் குறுஞ்செய்தி அனுப்பவில்லை என மாணவி ஒருத்தி வினவினாள். வகுப்பு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. முல்லையின் உரிப்பொருளாகிய இருத்தல் அம்மாணவியின் அனுபவத்திலேயே இல்லை என்பதை அவ்வினா உணர்த்திற்று.

இணையம் மனத்தில் விளைத்துள்ள இம்மாற்றத்தை முன்கூட்டியே தொட்ட படைப்பொன்று சிங்கப்பூர்க் கலைஞர்களிடமிருந்து வந்துள்ளது. சார்ல்ஸ் லிம், வூன் தியென் வெய் ஆகியோரின் 'சுனாமி.நெட்' குழு படைத்த 'ஆல்ஃபா 3.4', 2002இல் ஜெர்மனியின் காசல் நகரில் நிகழ்ந்த 11ஆம் டாக்குமென்டா கலைக்காட்சியில் இடம்பெற்றது. அக்காட்சியின் வலைத்தளத்தைத் தாங்கிய வழங்கிக் கணினி கீல் நகரில் இருந்தது. கலைஞர்கள் காசலிலிருந்து அதனை நோக்கி நடந்தனர். இடைத்தொலைவு 300 கிலோமீட்டருக்கும் மிகுதி. நடப்போரின் இருப்பிடம் செயற்கைக்கோள்வழி அறியப்பட்டுக் காட்சிக்கூடத்திற்கு அனுப்பப்பட்டது. ஒரு சொடுக்கில் திறக்கும் பக்கத்தை அடையப் பல நாள் நடை!

தொல்காப்பியர் திணை மயக்கத்தை ஏற்கிறார். நிலம் மயங்குதலை ஏற்பதில்லை. இணையமோ நிலத்தையே மயக்குகிறது. எல்லாம் இங்கேயே உள்ளது எனும் உணர்வு தோன்றிய மனத்தில் பிரிதலும் இல்லை, இருத்தலும் இல்லை, பொறுமையின்மையே எஞ்சுகிறது. வலைத்தளத்திற்கும் ஒரு நிலம் உண்டு என்று காலால் மெய்ப்பித்தமையே இப்படைப்பின் வலிமை.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாமல் இயலாது. நடப்போர் பாலைக்குரியோர், காத்திருக்கவேண்டிய தலைவியின் இடத்தில் நிற்பவரோ பார்வையாளர். நூறு நாள் கலைக்காட்சியில் அறை அறையாய் விரையும் அவர், திரையைக் கண்டு அடுத்த அறைக்குச் சென்றுவிடலாம். காத்திருத்தலை அவர்மீது சுமத்தும் வழியைக் கலைஞர்கள் காணவில்லை. ஹோ ட்சு ஞென் 2012இல் தொடங்கிய 'தென்கிழக்காசியாவின் விமர்சன அகராதி' இதற்கு நேர்மாறானது. இணையத்தில் கிடைத்த படத்துணுக்குகளைக் கணினி நிரல் ஓயாது கோத்துக் காட்ட, பார்ப்பவர் அதன் வெள்ளத்தில் அமிழ்கிறார். அது நோயின் குறியை நன்கு காட்டுகிறது, 'ஆல்ஃபா 3.4' நோய்முதலை நாடுகிறது. என் மதிப்பீட்டில் பின்னதே மேலானது.

அடுத்த வகுப்பில் இந்நடையைப் பற்றிக் கூறினேன். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் எனக் கணக்கிட்ட அம்மாணவி, 12 நாளுக்கு மேலாகும் என்றாள். பின்னர் முல்லைப் பாட்டுக்குத் திரும்பினோம்.