ஏ.டி.எச்.டி.க்குப் பத்தியம்

பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த குறைபாடு) என்று மருத்துவர் சொன்ன மறுநாளே பல வீடுகளில் சர்க்கரை டப்பா மேல்தட்டுக்கு ஏறிவிடுகிறது. பிறகு பிஸ்கட், கலர் மிட்டாய், பால், கோதுமை என்று பத்தியம் நீளும். உணவுக்கும் கவனத்துக்கும் தொடர்பு உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் பதின்வயதுப் பிள்ளையின் தட்டிலிருந்து எதை எடுக்கலாம் என்று தேடும் அவசரத்தில், அந்தத் தட்டில் ஏற்கெனவே எது குறைகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

சர்க்கரைக் கதையை முதலில் முடித்துவிடலாம். 1994இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஹூவரும் மிலிச்சும், தங்கள் மகன்களுக்குச் சர்க்கரை ஒத்துக்கொள்ளாது என்று நம்பிய தாய்மார்களை அழைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரிடம், பையனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். உண்மையில் எந்தப் பையனுக்கும் சர்க்கரை கொடுக்கவில்லை. அப்படிச் சொல்லப்பட்ட தாய்மார்கள்தாம் மகன் அடங்காமல் ஆடுவதாக மதிப்பிட்டார்கள், அவனை அதிகம் குறை சொல்லவும் செய்தார்கள். இனிப்பைக் குறைப்பது பல்லுக்கு நல்லது, அது வேறு கணக்கு. பத்தியத்தை நடத்துபவரே பலனையும் அளந்தால் அந்த அளவு எவ்வளவு தடுமாறும் என்பதுதான் இங்கே முக்கியம்.

செயற்கை நிறமிகளை அப்படித் தள்ளிவிட முடியாது. 1970களில் சான் பிரான்சிஸ்கோவின் ஒவ்வாமை மருத்துவர் பெஞ்சமின் ஃபைன்கோல்ட், அவை பிள்ளைகளின் மிகை இயக்கத்தைத் தூண்டலாம் என்று எழுப்பிய சந்தேகத்துக்கு, 2007இல் லான்செட் இதழில் வெளியான சவுத்தாம்ப்டன் ஆய்வு ஓரளவு வலுச்சேர்த்தது. அதன் பிறகே, 2010 முதல், ஆறு நிறமிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. ஆயினும் அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 3 வயதும் 8, 9 வயதும் ஆன சாதாரணக் குழந்தைகள். பல உணவுகளை விலக்கும் பத்தியத்துக்குப் பெரும் பலன் காட்டிய 2011ஆம் ஆண்டின் நெதர்லாந்து, பெல்ஜியம் ஆய்வும் 4 முதல் 8 வயது வரையானவர்களிடம் நடந்ததே. அங்கே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் யார் பத்தியத்தில் இருக்கிறார்கள் என்பது தெரியும். 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், அது தெரியாதவர்களின் மதிப்பீட்டை மட்டும் எடுத்தபோது, நிறமி நீக்கத்தின் பலன் ஓரளவு நின்றது. பல உணவுகளை ஒட்டுமொத்தமாக விலக்கும் பத்தியத்தின் பலன் உறுதியாக நிற்கவில்லை.

சோதித்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நிறமியை விடுவதில் நஷ்டம் ஏதுமில்லை, ஒரு மாதம் விட்டுப் பார்க்கட்டும். பாலையும் கோதுமையையும் முட்டையையும் சேர்த்து நிறுத்துவது வேறு. ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை பசியை மந்தமாக்கும். மதிய டிபன் பாக்ஸ் அப்படியே வீடு திரும்பும். வளரும் வயதில் அந்தக் குறைந்த சாப்பாட்டின் மீது விலக்குப் பட்டியலையும் ஏற்றுவது ஆபத்து. கையில் காசோடு டீக்கடைக்குப் போகும் பதினைந்து வயதுக்காரரைக் கண்காணிக்கவும் முடியாது. மாத்திரைக்கு முன் நிறைவான காலை உணவு, அதன் வேகம் இறங்கும் மாலையில் இன்னொரு சாப்பாடு என்று நேரத்தை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.

குறைபாட்டின் பக்கம் வருவோம். கவனத்தோடு தொடர்புடைய டோபமைன் மூளையில் உருவாக உதவும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் நொதிக்கு இரும்பு தேவை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் சுமார் 59 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 31 சதவீதத்தினருக்கும் ரத்தசோகை. எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதல்ல, இரும்பு ஏ.டி.எச்.டி.யைக் குணமாக்கும் என்று நிறுவப்படவும் இல்லை. என்றாலும் சோர்வும் கவனச்சிதறலும் கலந்து நிற்கும் பெண்ணுக்குக் கோதுமையை நிறுத்துவதற்கு முன், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்வதல்லவா முறை? மீன் எண்ணெய் மாத்திரைக்கும் இதே அளவுகோல்தான். ஏ.டி.எச்.டி. உள்ள, 6 முதல் 18 வயதுவரையான 92 பேரிடம் நடந்து 2019இல் வெளியான தைவான் ஆய்வில், மீன் எண்ணெயில் உள்ள ஈ.பி.ஏ. கொழுப்பு அமிலம் ரத்தத்தில் குறைவாக இருந்தவர்களுக்கே கவனம் தெளிவாக மேம்பட்டது. அது ஏற்கெனவே போதிய அளவில் இருந்தவர்களுக்கோ, அவசரப் போக்கைக் கட்டுப்படுத்துவதில், மருந்தில்லா மாத்திரை பெற்றவர்கள் அளவுக்குக்கூட முன்னேற்றம் இல்லை.