தாயின் நோய் எங்கே?

நார்வே நாட்டு இப்சன் 1881-இல் வெளியிட்ட ‘பேய்கள்’, சிபிலிஸ் எனும் மேகநோயைப் பெயர் சொல்லாமலே மேடையேற்றிய நாடகம். அத்துணிவைப் போற்றுகிறோம். மணமான ஓராண்டிலேயே, ஒழுக்கங்கெட்ட கணவனை விட்டு வெளியேறிய ஹெலனைக் கடமை பேசித் திருப்பியனுப்புகிறார் பாதிரியார் மாண்டர்ஸ். பின்னர்ப் பிறந்த மகனின் மூளையை நோய் அரிக்கிறது. தந்தையின் பாவம் தனயனைத் தாக்கிற்றாம்!

நாம் கேட்கிறோம்: இடையிலிருந்த தாய் எங்கே? தந்தையிடமிருந்து இந்நோய் நேரே கருவுக்குத் தாவுவதில்லை. தாயின் குருதி வழியேதான் சேர்கிறது என்கிறது மருத்துவம். அப்படியானால் முதற்பலி ஹெலன் அன்றோ? அவள் உடலுக்கு என்ன நேர்ந்தது என்று நாடகம் கேட்கவேயில்லை! கற்பு காக்கவில்லை, கணவன் வீடே நோய்க்களமாயிற்று.

இன்று, கருவுற்றவளுக்குக் காலத்தே செய்யும் குருதிச் சோதனையும் பெனிசிலினும் தாயையும் சேயையும் காக்கும். கணவனும் சோதனைக்கு வரட்டும். மாண்டர்ஸ்கள் போதிக்க மறந்த கடமை அதுவே!