சனாதனனின் தோம்பும் எங்கள் வளவுகளும்

தாமோதரம்பிள்ளை சனாதனனின் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ நூலில் ஒவ்வொரு வீடும் ஓவியரின் கோட்டில் தொடங்குவதில்லை. வீட்டை இழந்தவர் நினைவிலிருந்து கீறிக் கொடுத்த தரைப்படம்தான் முதலில் வருகிறது. படம் கீறிப் பழகாத கையின் கோடு அது. அடுத்து, அதே வீட்டைக் கட்டடக் கலைக்குரிய ஒழுங்கில் வரைந்த படம். அதற்கும் பிறகுதான் உலர் பாஸ்டலோடு சனாதனன் வருகிறார். போரில் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களின் 80 வீடுகளை இப்படித் தொகுத்த நூலை, 2011இல் சர்மினி பெரேராவின் ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. நூலும் கந்தோர்க் கோப்பு ஒன்றின் தோற்றத்தில்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தவரான சனாதனனுக்கு வீடும் நிலமும் அவற்றின் இழப்பும் இரவல் பொருள் அல்ல. தன் தனி ஓவியங்களிலேயே அவற்றை வரைந்து வந்தவர். அந்தப் பொருளைப் பலருடைய கைக்கும் கொடுத்ததுதான் என்னை வியக்க வைக்கிறது.

அவர் இந்த முறைக்கு ஒரே நாளில் வந்து சேரவில்லை. 2005 மே முதல் 2007 ஒக்டோபர் வரை முகன்னட் காதர், சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க ஆகிய மூன்று ஓவியர்களோடு சேர்ந்து ‘தி வன் இயர் ட்ரோயிங் புரொஜெக்ட்’ என்ற முயற்சியில் இருந்தார். ஒருவர் வரைந்ததை அடுத்தவருக்கு அனுப்புவார். கிடைத்தவர் அதைப் பார்த்துத் தன் படத்தை வரைந்து அடுத்தவருக்கு அனுப்புவார். சமாதானம் குலைந்து யுத்தம் திரும்பவும் மூண்ட காலம் அது. ஓராண்டு முயற்சி இரண்டாண்டைத் தாண்டி 208 படங்களாக வளர்ந்தது. கிழக்கில் எங்கள் பக்கத்தில் ஒருவர் கவி சொல்ல மற்றவர் எதிர்க்கவி சொல்வதைப் போன்ற ஆட்டம் என்று எனக்குப் பட்டது. எதிர்க்கவி சொல்பவருக்கு முதல் கவியின் சூடு தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அதையே திருப்பிச் சொல்லக் கூடாது.

அந்த நால்வரும் சமமான தேர்ச்சி உள்ளவர்கள். தோம்பு அதைவிடக் கடினமான வேலை. பயிற்சி இல்லாதவரின் கோட்டைத் திருத்தி அழகாக்கிவிடவே ஓவியரின் கை துடிக்கும். சனாதனன் திருத்தவில்லை. மூன்று கைகளும் மூன்றாகவே நிற்கின்றன. கட்டடப் படம் வந்ததும் வீடு நேராகிறது. நேரானதும் எதையோ இழக்கிறது. அந்த இழப்பைப் பாஸ்டல் நிரப்புவதில்லை, அதற்கு வேறொரு உருவம் கொடுக்கிறது. மக்கள் பங்களிப்பு என்ற பெயரில் நடக்கும் பல கலை முயற்சிகளில் மக்கள் நிறம் பூசுவார்கள், கடைசியில் ஓவியரின் படம் மட்டும் மிஞ்சும். அவற்றைவிட இந்த நூல் எனக்கு வெகு உயரத்தில் தெரிகிறது.

இதே முறையைப் பின்பற்றி, மருதமுனையில் இருக்கும் என் சாச்சியிடம் ஒரு தாளைக் கொடுத்து, கடல் கொண்டுபோன வீட்டைக் கீறச் சொன்னேன். வாசலில் தொடங்குவார் என்று நினைத்திருந்தேன். அவர் கிணற்றை வட்டமாகப் போட்டார். பிறகு குசினி, குசினியிலிருந்து கிணற்றுக்குப் போகும் தடம், வேலியோரம் முருங்கை. ஆண்கள் வந்து அமரும் முன்மண்டபம் கடைசியில், தாளில் மிஞ்சிய மூலையில் ஒடுங்கியது. பக்கத்திலிருந்த மகள், “இல்ல உம்மா, முருங்க மற்றப் பக்கம்” என்று தன் பேனாவால் இன்னொரு மரம் போட்டாள். சாச்சி தன் மரத்தை அழிக்கச் சம்மதிக்கவில்லை. அந்தத் தாளில் இரண்டு முருங்கைகள் இருக்கின்றன.

இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குரியது. சீதனமாக உம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். அடுத்த மகளுக்கு அதே வளவிலோ பக்கத்திலோ இன்னொரு வீடு எழும்பும். ஆகவே ஒரு வளவின் படத்தைக் கீறினால் மூன்று தலைமுறைப் பெண்களின் கதை அதிலேயே வந்துவிடும். காணி உறுதியில் எல்லைகள்தான் இருக்கும். குசினித் தடத்தை எந்த நொத்தாரிசும் எழுதுவதில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரங்களில் வீடுகள் அத்திவாரத்தோடு போயின. பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாதென்ற விதி வந்தது. அது பின்னர் தளர்ந்தாலும் பலர் பழைய வளவுக்குத் திரும்பவில்லை. சனாதனனின் நூல் போரின் வீடுகளைப் பற்றியது. ஆனால் அந்த முறை எங்கள் கரைக்கு அப்படியே பொருந்தும். நல்ல ஓவியர்களும் கட்டட வரைஞர்களும் இங்கே இருக்கிறார்கள். அன்று வீட்டை ஆண்ட பெண்கள் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். அவர்களுடைய கைக்குத்தான் முதலில் தாள் போக வேண்டும், அதுவும் இந்த வருடமே.