குருத்தணுச் சிகிச்சை: நெறிமுறையும் நீதியும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட தேசியக் குருத்தணு (ஸ்டெம் செல்) ஆராய்ச்சி நெறிமுறைகளை இறையியல் நோக்கில் மதிப்பிடுவது இக்கட்டுரையின் கருத்தாகும்.

2007ஆம் ஆண்டு ஏட்டின் தலைப்பில் 'ஆராய்ச்சி', 'சிகிச்சை' என்னும் இரு சொற்களும் இருந்தன. 2013இல் 'சிகிச்சை' நீக்கப்பட்டது. இரத்த நோய்களுக்குரிய எலும்பு மஜ்ஜை மாற்றம் போன்றவை நீங்கலாக, ஏனையவை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன என்பதே இதன் பொருள். இந்நேர்மை பாராட்டுதற்குரியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1986 முதல் செய்துவரும் மஜ்ஜை மாற்றம் இவ்வரம்புக்குட்பட்டதே.

பிற நாடுகளையும் நோக்குவோம். ஜெர்மனி 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் மனிதக் கருவைக் காத்தது. 2002இல் அயல்நாட்டுக் கருக் குருத்தணுக்களை இறக்குமதி செய்யமட்டும் கட்டுப்பாடுகளுடன் இடமளித்தது. பிரிட்டன் கருவின் பதினான்காம் நாள்வரை ஆராய்ச்சிக்கு உரிமம் வழங்கலாயிற்று. ஜப்பானில் 2014இல் நடைமுறைக்கு வந்த சட்டம், பலன் ஓரளவு தென்பட்டாலே நிபந்தனையுடன் விற்பனைக்கு வழிவிட்டது. அமெரிக்காவிலோ, கட்டுப்பாட்டு நிர்வாகம் இருந்தும், 2015இல் ஃபுளோரிடாவில் கொழுப்பிலிருந்து பிரித்த அணுக்களைக் கண்ணில் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையைப் பெரிதும் இழந்தனர்.

மேலை இறையியலாரின் விவாதம் பெரும்பாலும் கருவின் மாண்பைச் சுற்றியே அமைந்தது. நாமும் அதனை அவ்வாறே ஏற்றுக்கொண்டோம். ஆனால் நம் நாட்டில் விற்கப்பட்ட குருத்தணு ஊசிகள் பெரும்பாலும் நோயாளியின் சொந்த மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுக்கப்பட்டவை. அங்குக் கருவைப் பற்றிய வினா எழுவதில்லை. ஏழையின் கைப்பொருளைப் பற்றிய வினாவே எழுகிறது.

நெறிமுறைகளின் குறையும் இங்கேதான் வெளிப்படுகிறது. நெறிமுறை தன்னளவில் சட்டமன்று. 2019ஆம் ஆண்டு விதிகள் குருத்தணுவிலிருந்து பெறப்படும் பொருளைப் புதிய மருந்தாகக் கருதின. எனினும், எடுத்த அன்றே அந்நோயாளிக்கே செலுத்தப்படும் அணு 'பொருள்' ஆகுமா என்னும் ஐயம் வணிகத்திற்கு வாயிலாயிற்று. ஆட்டிசத்திற்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதன்று எனத் தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022இல்தான் கூறிற்று.

மதுரை கே.கே. நகர் போன்று மருத்துவமனைகள் செறிந்த பகுதியில் ஊழியஞ்செய்யும் ஆயரிடம், பிள்ளைக்காக நகையை அடகுவைக்குமுன் ஜெபிக்கும்படி பெற்றோர் வருவதுண்டு. அவர் ஜெபிக்கட்டும், அத்துடன் மூன்று வினாக்களையும் கேட்கட்டும். இச்சோதனை அரசின் பதிவேட்டில் உள்ளதா? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா? சோதனைக்குட்படுவோரிடம் கட்டணம் கேட்கப்படுகிறதா? மூன்றாவதற்கு 'ஆம்' என்பது விடையானால், நெறிமுறை அங்கேயே மீறப்பட்டுவிட்டது.

பெரும்பாடுள்ள ஸ்திரீ தனக்குண்டானவற்றையெல்லாம் வைத்தியர்களிடம் செலவழித்தும் வருத்தம் அதிகப்பட்டதை மாற்கு மறைக்கவில்லை. நம் பிரசங்கங்களும் அதனை மறைக்கலாகாது.