கறுப்புக் கடிகாரத்தின் பொய்யும் மெய்யும்

குளிர் நாட்டு வீடுகளில் கணப்படுப்புக்கு மேல் ஒரு பலகை இருக்கும். பழைய கடிகாரம் சேர்ப்பவர் வீடென்றால், அதில் பெரும்பாலும் ஒரு கறுப்புக் கடிகாரம் உட்கார்ந்திருக்கும். கிரேக்கக் கோயில் மாதிரி வடிவம். முகப்பில் தூண்கள், பக்கத்துக்கு ஒரு சிங்கமுகம், அதன் வாயில் வளையம். சலவைக்கல், கனமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கினால் ஏமாந்துபோவீர்கள். உள்ளே வெறும் மரம்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரான்ஸில் செய்த கருங்கல் கடிகாரங்கள்தான் மோஸ்தர். எடையும் அதிகம், விலையும் அதிகம். அதே தோற்றத்தை அமெரிக்க நடுத்தரக் குடும்பத்துக்கு மலிவாகத் தர கனெக்டிகட் மாநிலத்துக் கம்பெனிகள் முனைந்தன. சில, மரத்துக்குக் கறுப்பு வர்ணம் பூசின. சேத் தாமஸ் கம்பெனி 1880களில் இன்னும் ஒரு படி மேலே போய், செல்லுலாய்டுத் தகட்டை மரத்தின் மேல் ஒட்டியது. அதற்கு வைத்த பெயர் 'அடமன்டைன்', அதாவது வைரம்போல் உறுதியானது. கொஞ்சம் ஓவர்தான்! யானைத்தந்தத்துக்குப் பதிலாக பில்லியர்ட்ஸ் பந்து செய்ய ஜான் வெஸ்லி ஹயாட் தேடிப்பிடித்த பொருள் செல்லுலாய்டு. பிற்பாடு சினிமா ஃபிலிமும் அதில்தான் வந்தது.

விமர்சகனாகக் கணக்குப் பார்த்தால் இந்தக் கடிகாரம் ஃபெயில். தூண்கள் எதையும் தாங்கவில்லை. வளையத்தைப் பிடித்துத் தூக்க முடியாது. கல், கல்லே இல்லை. சேகரிப்பவர்கள் பலர் ரொம்ப நாள் இவற்றைச் சீந்தாமல் இருந்ததில் ஆச்சரியமில்லை.

இப்போது தேடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் தேடுவது ஒரிஜினல் போலியை! மூலையில் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் சில சமயம் லேசாகக் கற்பூரம் மணக்கும். செல்லுலாய்டில் கற்பூரம் சேர்மானம். கற்பூர வாசனை தெரிந்த கழுதைகள்தான் நல்ல சேகரிப்பாளர்கள் ஆகிறார்கள். தெரியாதவர்கள் 'பளிச்சுனு ஆக்கறேன்' என்று நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைத் தடவ, நூறு வருஷத்துப் பளபளப்பு கரைந்து துணியோடு வந்துவிடும்.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று உண்டு. வாராவாரம் சாவி கொடுக்கச் சோம்பல்பட்டு, உள்ளே இருக்கும் பித்தளை இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு பேட்டரி மாட்டுவது. அந்தப் பெட்டி, வந்த விருந்தாளியிடம் பெருமையடித்தது. இயந்திரம் அந்த வீட்டுக்கு உழைத்தது. ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும். மணிக்கு மணி கம்பிச்சுருள் அதிர கம்மென்று அடிக்கும். அரைமணிக்குச் சின்ன மணியைத் தட்டும். மொத்தக் கடிகாரத்திலும் வேஷம் போடாத பகுதி அது ஒன்றுதான். அதை எறிந்துவிட்டுப் பெட்டியை மட்டும் வைத்துக்கொள்பவர் பழமையைக் காப்பாற்றவில்லை, பொய்யைத்தான் காப்பாற்றுகிறார்.

பெட்டியின் பொய்யை நான் மன்னித்துவிடுகிறேன். வசதி குறைந்தவன் தன் வீடும் கௌரவமாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

நீங்கள் வாங்கப்போனால், முகப்பில் மயங்கி உடனே பணத்தை எடுக்காதீர்கள். பின்பக்கம் சின்னதாக ஒரு வட்டக் கதவு இருக்கும். அதைத் திறந்து உள்ளே பாருங்கள். முழு மணி, அரைமணி இரண்டும் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். சிங்கமுகத்தை அப்புறம் ரசித்துக்கொள்ளலாம்.